மூன்று பேர் சேர்ந்து ஒரு கிழவர்

பொம்மையாட்டுகிற ஆளுக்கு நல்ல பெயர் என்றால், அவரை ஒருத்தரும் காணக்கூடாது. கறுப்புச் சட்டை, கறுப்புக் கையுறை, முகத்துக்கும் கறுப்புத் துணி. சனம் பொம்மையை மட்டும்தான் பார்க்கவேண்டும். இதைத் தொழில் என்று சொன்னால் எங்கட வீட்டிலேயே சிரிப்பார்கள். நாலு பேரைச் சேர்த்து எதையாவது நடத்தப்போய் நொந்துபோனவர்கள் உங்களிலும் இருப்பீர்கள், உங்களுக்கு விளங்கும்.

நாங்கள் மூன்று பேர். முகமூடிகளும் செய்வோம், ஆனால் எங்கட முக்கியமான ஆள் ஒரு கிழவர். பழைய பேப்பரும் பசையும் கொண்டு செய்த இடுப்புயரப் பொம்மை, சாரமும் பெனியனும் போட்டவர். மாமா என்று கூப்பிடுவோம். தலையும் வலது கையும் நான். இடது கை நிரோஷி, சிலாபம் பக்கத்துப் பிள்ளை. கால் ரெண்டும் பயாஸ் நானா, மதுரங்குளிக்காரர். மூன்று பேருக்கும் ஒரே மூச்சு வந்தால்தான் மாமா நடப்பார். அந்த நடை வர எட்டு மாதம் பிடித்தது. என்ன வந்தாலும் அவர் நடந்துகொண்டே இருக்கவேண்டும் என்பதுதான் என்ட ஒரே பிடிவாதம்.

மூன்று கொப்பி

ஒரு பள்ளிக்கூடத்தில் நாடகம் போட அனுமதி கேட்டுப் போனோம். அதிபர் பிரதி கேட்டார். எங்கட நாடகத்தில் கதை இல்லை, ஒருத்தரும் வாய் திறக்கமாட்டோம் என்றேன். கதையே இல்லாவிட்டால் பிள்ளைகள் எதைப் பார்ப்பது என்று அவர் கேட்க, சேர், கதை இருக்கு, கதைக்கிறதுதான் இல்லை என்று அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். தொண்டை வறண்டுவிட்டது. பேசாத நாடகத்துக்கு இவ்வளவு பேசவேண்டியிருக்கே என்று நிரோஷி பின்னால் நின்று சிரிக்கிறாள்.

அதிபர் கடைசியில் தலையாட்டினார். ஆனால் மேலிடத்துக்கு அனுப்பக் கட்டாயம் ஏதாவது வேணுமாம். "அப்ப வெறுந்தாளையே மூணு கொப்பி எடுத்து, ஒவ்வொண்டிலயும் கையெழுத்து வச்சுத் தாங்க மிஸ்."

நீர்க்காகம்

முந்தல் ஊரில் ஓர் இறால் பண்ணைக்காரர் தன்ட களஞ்சியத்தை ஒத்திகைக்குத் தந்திருந்தார். நல்ல மனுஷன், தேத்தண்ணியும் அனுப்புவார். ஒரு நாள் போனால், நான் மூன்று கிழமை இருந்து செய்த கோபக்கார முகமூடியைக் காணோம். தேடினால், இறால் தொட்டி வரம்பில் ஒரு கம்பில் நிற்கிறது. பழைய சேட்டு ஒன்றும் மாட்டியிருந்தார்கள். மழையில் நனைந்து கன்னம் ஊதிப்போயிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

போய்க் கேட்டேன். மனுஷன் நெஞ்சில் கை வைத்து மன்னிப்புக் கேட்டார், இன்னும் ரெண்டு நாள் விடச் சொல்லியும் கேட்டார். "கோவிச்சுக்காதீங்க மிஸ், இறால் தின்ன வார நீர்க்காகமே பாக்க ஏலாம ஓடுது, நல்லாத்தான் செஞ்சீக்கிறீங்க."

கால் போனது

பயாஸ் நானா கட்டாருக்குப் போகப்போவதை ஒத்திகைக்கு நடுவில், கிழவரின் காலைப் பிடித்துக்கொண்டே சொன்னார். மகளின் படிப்பு, வாப்பாவின் மருந்து, கட்டி முடியாத வீடு. ஒரு மாதம் பொறுங்க நானா என்று கெஞ்சினேன். விசா பொறுக்காது தங்கச்சி என்றார். வேறொராளைப் பழக்கினேன். முதுகு பிடித்துக்கொண்டது என்று மூன்றாம் நாள் அவரும் வரவில்லை.

பிறகென்ன, மாமாவைக் கதிரையில் இருத்திக் காலைப் போர்வையால் மூடினோம். புத்தளத்தில் ஒரு மண்டபத்தில் அப்படியே போட்டோம். சனம் முந்தியை விடக் கூடக் கைதட்டியது. அதைத்தான் எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது. எட்டு மாதம் செத்துச் செத்துப் பழகிய நடையை ஒருத்தரும் தேடவில்லை. முடிந்ததும் ஓர் உத்தியோகத்தர் மேடைக்கே வந்து பாராட்டினார். "மாற்றுத்திறனாளிகளைப் பத்தி இப்பதான் ஒரு நல்ல செய்தி வச்சீக்கிறீங்க, முந்தி அந்தாள் சும்மா நடந்துக்கிட்டுத்தானே ஈந்தார்."

கை போனது

நிரோஷி இத்தாலிக்கு எழுதிப்போட்டிருந்தது ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அங்கே ஒரு வயதுபோன ஆளைப் பார்க்கிற வேலை. சொன்ன அன்றைக்கு நான் கதைத்த கதையை இங்கே எழுத ஏலாது. உன்னை ஆளாக்கினது நான் என்றேன், நன்றி கெட்டவள் என்றேன். உயிருள்ள கிழவனைத் தூக்கிக் குளிப்பாட்டப்போகிறாய், இந்தக் கிழவனை அந்தரத்தில் விட்டுவிட்டு என்றும் கேட்டேன். அவள் கறுப்புக் கையுறையைக் கழற்றி, மடித்து, என்ட மடியில் வைத்தாள். அவளுக்குக் கோபமே வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அக்கா, மாமாவுக்கு ஒரு கை இல்லாட்டியும் பசிக்காது, எங்கட வீட்டுல அப்படி இல்ல."

கன்டீன் வாசலில்

இடது கையைச் சாரத்தின் மடியோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். இப்போது மாமா தலையைத் திருப்புவார், ஒரு கையால் கடலைக் காட்டுவார், அவ்வளவுதான். கற்பிட்டிப் பாதையில் ஒரு பள்ளிக்கூடத்தில் போன மாதம் தனியே போட்டேன். மூன்று வருஷத்துக்கு முதல் நாங்கள் மூன்று பேரும் போட்ட அதே இடம். பிள்ளைகள் வாய் திறந்து பார்த்தார்கள். ரெண்டு டீச்சர்மார் கண்ணைத் துடைத்தார்கள். கிழவருக்குப் பாரிசவாதம் என்று நினைத்துவிட்டார்களாம். நான் மறுக்கவில்லை.

பொம்மையைப் பையில் போட்டுக்கொண்டு கன்டீனில் பிளேன்டீ குடித்தேன். கன்டீன் நடத்துகிற பொம்பிளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. நாடகம் பிடித்ததா என்று கேட்டேன். நாங்கள் என்னதான் மூடிக் கட்டினாலும், போன முறை அவ கிழவரைப் பார்க்காமல் எங்களைத்தான் பார்த்திருக்கிறா.

"அப்ப மூணு கறுப்புச் சட்டை வந்தீங்களே மிஸ், மத்த ரெண்டு பேரும் எந்த நாடு?"

ஒராள் கட்டார், ஒராள் இத்தாலி என்று சொல்லும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, நான் இங்கேதான் என்று சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.