மைக்கை ஒட்டிப் பேசியவள்

அந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் டோக்கன் அக்கா. வெளிநோயாளர் பிரிவில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டுக் கொடுப்பதும், முறை வந்தவர்களைக் கூப்பிடுவதும் அவள் வேலை. வாய் திறந்து கூப்பிட மாட்டாள். கையைத் தட்டுவாள், விரலால் காட்டுவாள், அதற்கும் திரும்பாதவர்களின் பக்கத்தில் போய்த் தோளைத் தொடுவாள்.

காரணம் அவள் குரல். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘பெரியப்பா’. கல்யாணமான புதிதில் நாத்தனார் போன் செய்து, இவள் ‘ஹலோ’ என்றதும், “அண்ணா, அண்ணிகிட்ட குடு” என்றாள். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள். அதன் பிறகு போன் அடித்தால் வேறு யாராவது எடுக்கட்டும் என்று சமையலறைக்குள் போய்விடுவாள்.

ஒருநாள் மருத்துவமனையில் ஸ்பீக்கர் பொருத்தினார்கள். எண்களையும் அறைகளையும் ஒருவர் தனித்தனியாகப் பேசிப் பதிவு செய்துவிட்டால், கருவியே சேர்த்துச் சேர்த்து அறிவித்துக்கொள்ளும். மேனேஜர் அவளைத்தான் பிடித்தார். “எல்லா அறையும் உங்களுக்குத்தாம்மா அத்துப்படி. நீங்களே பேசிடுங்க.” மாட்டேன் என்று சொல்வதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே! தலையாட்டிவிட்டாள்.

பழைய கட்டில்கள் போட்டு வைத்திருந்த அறையில் ஒலிப்பதிவு நடந்தது. கதவுக்கு வெளியே நர்ஸுகள் வேடிக்கை பார்க்க நின்றார்கள். அவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாது என்று அவள் மைக்கின் மேல் உதடு படும்படி குனிந்து, ரகசியம் சொல்வதுபோல் பேசினாள். ஸ்பீக்கர் பொருத்த வந்த ஒலிப்பதிவாளருக்கு இன்னும் பத்து மாட்டுகிற அவசரம். குரல் பதிவாகிறதா என்று பார்த்தாரே தவிர, எப்படிப் பதிவாகிறது என்று கேட்கவில்லை.

மறுநாள் காலை ஸ்பீக்கர் வாய் திறந்தது. அண்டாவுக்குள் உட்கார்ந்து ஓர் ஆள் அதட்டுவதுபோல் இருந்தது. மடியில் இருந்த குழந்தை ஒன்று வீறிட்டது. “யாருய்யா அது, போலீஸா?” என்று ஒரு முதியவர் எழுந்தே நின்றுவிட்டார். “என்னக்கா, உங்க வீட்டுக்காரரையா பேச வச்சீங்க?” என்றாள் ஒரு நர்ஸ். டோக்கன் அக்கா வழக்கம்போலச் சிரித்தாள். பிறகு கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரத்தில் அவள் மகள், பல்வலி வந்த தோழியை அழைத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடித் தடுப்பை ஒட்டியே இருவரும் நின்றார்கள்.

“ஏய், யாருடி இது? பேய்ப் படத்துல வர்ற மாதிரி பேசுறது?” என்றாள் தோழி.

மகள் ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தாள். பிறந்ததிலிருந்து கேட்ட குரல். எவ்வளவு தடித்துப்போனாலும் தெரியாமலா போகும்?

“எனக்கென்ன தெரியும்? யாரோ ஒரு ஆளு.”

தடுப்பின் ஓட்டை வழியே அது தாயின் காதில் விழுந்தது. பொய் சொன்னது தான்தான் என்பதுபோல் அவள் தலை குனிந்தது. பெற்ற பிள்ளை கூச்சப்படும்படி ஒரு தொண்டையை வைத்துக்கொண்டிருக்கிறோமே என்று உடம்பெல்லாம் கூசியது. அன்று இரவு மகளுக்குச் சோறு போடும்போது ஒரு கரண்டி கூடவே போட்டாள்.

மறுநாள் ஒலிப்பதிவாளரின் மாடிக் கடைக்குப் போனாள். “தம்பி, வேற யாராவது பொண்ணை வச்சுப் பேசிடுங்க. என் குரலை அழிச்சிடுங்க.”

அவர் பதிவைப் போட்டுக் கேட்டார். முகம் மாறியது. “அய்யய்யோ, தப்பு என்னோடதுக்கா. இது நேரா வர்ற சத்தத்தை மட்டும் பிடிக்கிற மைக். அதுக்காகவே முதுகுப்பக்கமும் ஓட்டை வச்சிருப்பாங்க. இந்த மாதிரி மைக்ல வாயை ஒட்டிப் பேசினா, அடிக்குரல் மட்டும் ஊதிப் பெருசாயிடும். லேசான குரலே கனமாயிடும். உங்களோடது ஏற்கெனவே...” முடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

“ஒட்டிப் பேசினாலும் ஊதாத மைக் இல்லையா?”

சட்டைக் காலரில் குத்துகிற சின்ன மைக்கை எடுத்து அவளைப் பேசச் சொன்னார். குரல் ஊதவில்லை, ஆனால் தெருவில் போன பைக், பக்கத்துக் கடை மிஷின் எல்லாம் கூடவே வந்தன. “இதுக்கு நாலு பக்கமும் காது. உங்க ஸ்ட்ரெச்சர் சக்கரச் சத்தம்கூட அதுல விழும். பழைய மைக்கே போதும்க்கா. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பேசுங்க.”

“தள்ளி உட்கார்ந்தா சத்தமா பேசணுமே, தம்பி. வெளிய கேக்குமே.”

“கேக்கட்டும்னுதானே ஸ்பீக்கரே வாங்கியிருக்காங்க!”

அதே கட்டில் அறையில் மறுபடி பதிவு நடந்தது. முழம் தள்ளி உட்கார்ந்து, முழுத் தொண்டையில் பேசினாள். கதவுக்கு வெளியே பேச்சு அடங்கியது. காது மடல் இரண்டும் தீயாய் எரிந்தன. குரல் நடுங்கியதால் முதலில் பேசியதை எல்லாம் திரும்பப் பேச வேண்டியிருந்தது.

புதிய பதிவில் அவள் குயிலாகிவிடவில்லை. அழுத்தமான குரல்தான், ஆனால் பெண்குரல். “அந்தம்மா கூப்பிடுறாங்க பாரு” என்று ஜனங்கள் எழுந்து போனார்கள்.

ஒரு மாலை மகள் வரிசையில் வந்து கண்ணாடித் தடுப்பின் ஓட்டைக்கு நேராக நின்றாள். “அம்மா, அன்னைக்கு அவகிட்ட நான்...”

“கேட்டுச்சு.”

மகளின் கண்கள் நிறைந்துவிட்டன. இருவரில் யாருக்கு அதிகக் கூச்சம் என்று சொல்ல முடியாது. “தள்ளி நில்லு, பின்னாடி ஆள் நிக்குறாங்க” என்றாள் தாய். வாய்விட்டே சொல்லிவிட்டாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மகள் நகர்ந்து, வேலை முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு குறை மட்டும் மிஞ்சிவிட்டது. இரண்டாம் முறை பேசும்போது ஒரு வரி விட்டுப்போய், அதற்குப் பழைய பதிவே தங்கிவிட்டது. டோக்கன் எண்ணை அவள் சொல்வாள். உடனே அந்த அண்டாக்காரன் புகுந்து, “ஏழாம் அறைக்கு வரவும்” என்பான். ஒலிப்பதிவாளர் வருகிறேன் வருகிறேன் என்கிறார், வந்தபாடில்லை. ஏழாம் அறையில் இருப்பவர் எலும்பு டாக்டர். அவர் மட்டும் தனியாக ஆள் வைத்துக் கூப்பிடுகிறார் என்று வருகிறவர்கள் நம்புகிறார்கள். அவள் திருத்துவதில்லை. அந்த வரி வரும்போது மட்டும் சீட்டுக்கட்டை அடுக்குகிற சாக்கில் குனிந்துகொள்கிறாள்.