அம்மாவுக்கு எட்டாத அடுப்புமேடை

எங்கள் குசினியில் அடுப்புமேடைக்கு முன்னால், ஏறி நிற்க நாலு கால் வைத்து அடித்த பலகை ஒன்று கிடக்கிறது. காலையில் தேத்தண்ணி போடப் போகும்போதெல்லாம் என் கால் விரலை இடிக்கும். அம்மா செத்து மூன்று மாதமாகிறது. இனி அது யாருக்கும் தேவையில்லை. அப்பா எடுக்க விடமாட்டேன் என்கிறார்.

அந்தப் பலகை வந்ததற்குக் காரணமே நான்தான்.

எனக்கு நாலு வயதில் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். ஏழு வயதில், இரண்டு மாத லீவில் வருவதாகச் சொன்னார். அந்த வீட்டுக்காரர்கள் திரும்பவும் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா தன் பாட்டில் ஒரு முடிவுக்கு வந்தார்: நின்று சமைக்கிற மாதிரி நல்ல குசினி இருந்தால் அம்மா திரும்பிப் போகமாட்டார். அதுவரை எங்கள் அடுப்பு தரையில்தான் இருந்தது.

அப்பாவுக்குக் கண்டி டவுனில் புடவைக் கடையில் வேலை. சீமெந்தைக் கையால் தொட்டதில்லை. மேசன் ஒருவரைப் பிடிக்கச் சொல்லி ஹேவாஹெட்டயிலிருந்து மாமா, அம்மாவின் அண்ணன், போன் பண்ணினார். அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது.

“பதினஞ்சு வருசமா துணி அளக்கிறவன் மச்சான் நான். எனக்கா அளவு தப்பும்?”

கொங்கிரீட் ஊற்றப் பலகை வேண்டுமென்று எங்கள் கட்டிலைக் கழற்றினார். இரண்டு கிழமை தரையில் படுத்தோம். என்னைக் குளிப்பாட்டும் பேசினில் சீமெந்து குழைத்தார். மிச்சம் அதிலேயே இறுகி, பேசினை யாராலும் தூக்க முடியாமல் போனது. திகனயில் ஒரு கடையில் மிஞ்சிக் கிடந்த டைல்களை வாங்கி வந்தார். நாலு நிறம். ஒன்றில் பெரிய மீன் வேறு.

உயரம் குறிக்கும் நாளில்தான் திணறினார். அவர் நல்ல நெட்டை. அம்மா குள்ளம் என்று தெரியும், எவ்வளவு குள்ளம் என்பது மூன்று வருசத்தில் மறந்துவிட்டது. போனில் முகம் மட்டும்தானே தெரியும்? அம்மாவிடமே கேட்டால் ரகசியம் உடைந்துவிடும். என்னைக் கூப்பிட்டார்.

“அம்மா இடுப்பு எங்க வரும்னு ஞாபகம் இருக்கா?”

இல்லாமல் என்ன? போகிற அன்று கட்டிப்பிடித்து அழுதபோது என் தலை சரியாக அம்மாவின் இடுப்பில்தான் இருந்தது. “என் தலை ஒசரம்ப்பா,” என்றேன். அப்பா என்னைச் சுவரோடு நிறுத்தி, தலைக்கு மேல் பென்சிலால் கோடு போட்டார்.

அம்மா வந்த அன்று புது அடுப்பில் பால் பொங்க வைக்க ஏற்பாடு. மாமாவும் வந்திருந்தார். மேடை அம்மாவின் நெஞ்சுக்கு வந்தது. அதற்கு மேல் கேஸ் அடுப்பு, அதற்கு மேல் பானை. உள்ளே இருக்கிற பால் அம்மாவுக்குத் தெரியவில்லை.

“பொங்கிருச்சாங்க?” என்று கீழேயிருந்து கேட்டார்.

“நீ கவலப்படாத தங்கச்சி, நான் பாத்துச் சொல்றேன்.” மாமா கிரிக்கெட் வர்ணனையைத் தொடங்கினார். “இப்ப ஓரத்துல நுரை வருது... நடுவுல ஏறுது... மச்சான், இது அடுப்பு வைக்கிற மேடையா, சாமி வைக்கிற மேடையா?”

பால் பொங்கி மீன் மேல் வழிந்தது. அம்மா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. “டேப் பழசு,” என்றார்.

“ஆமா, கடையிலயும் அதே டேப்தானா? பாவம் சனங்க!” என்றார் மாமா.

என்னால் தாங்க முடியவில்லை. “அப்பா மேல தப்பில்ல. நான்தான் என் தலை ஒசரம்னு சொன்னேன். நீங்க போறப்ப அப்புடித்தானே இருந்துச்சு?”

அம்மாவின் சிரிப்பு நின்றது. எழுந்து என்னைத் தன்னோடு சேர்த்து நிறுத்தினார். என் தலை அவர் நெஞ்சில் முட்டியது. என் உச்சியில் வைத்த கையை எடுத்து, மெல்ல இறக்கி, தன் இடுப்பில் வைத்துப் பார்த்தார்.

“இங்கயா இருந்த?” என்றார்.

அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

மறுநாள் அப்பா கட்டில் பலகையை அறுத்து, கால் வைத்து ஆணியடித்து, அம்மா ஏறி நிற்கக் கொடுத்தார். அடுத்த கிழமை அம்மா குவைத்துக்குப் போன் பண்ணி, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

“பாத்தியா மச்சான், என் மேடைதான் நிப்பாட்டிச்சு!” என்று அப்பா மாமாவிடம் மார்தட்டினார்.

நானும் அப்படியே நம்பினேன். உயரம் சொன்னது நான்தான் என்று ஸ்கூலில் எல்லோரிடமும் பெருமையடித்துத் திரிந்தேன்.