சாரத்தைப் பிடித்த இடக்கை

எங்கள் வீட்டில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய மின்கட்டணச் சிட்டை ஒரு வைகாசி மாதத்துக்குரியது. ஆண்டு இருந்த மூலையைக் கறையான் தின்றுவிட்டது. போர் முடிந்து, எங்கள் ஊரான சரவணையில் எங்கள் ஒழுங்கைக்கு மின்சாரம் வந்த முதற் கோடை அது என்பதில் மட்டும் ஐயமில்லை. எனக்கு எட்டு வயது.

இடப்பெயர்வுகளில் எப்படியோ களவு போகாமல் தப்பி, அரிசித் தகரத்தைத் தாங்கிக்கொண்டிருந்த வால்வு றேடியோவை, அம்மாவின் தம்பியான மாமா துடைத்து மேசையில் வைத்தார். பின்பலகையைக் கழற்றி, மின்சாரம் கொடுத்து, வால்வுகள் செம்மஞ்சளாய் எரிய, மின் அளக்கும் மீற்றரின் முனையால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்ப்பார். வேலை செய்வது வலக்கை மட்டும். இடக்கை எப்போதும் இடுப்பில் கட்டிய சாரத்தின் முடிச்சைப் பிடித்திருக்கும்.

“மச்சான், றேடியோ பாடாட்டிலும் பரவாயில்லை, சாரம் கழராமல் பாரும்,” என்பார் என் தகப்பனான ஐயா.

“ஓம் அத்தான்,” என்று மாமா சிரிப்பார்.

அம்மாவுக்கு அந்தக் கேலி பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை ஐயாவின் அகலமான பச்சை பெல்ற்றைக் கொண்டுவந்து, தானே தம்பியின் இடுப்பில் இறுக்கிவிட்டார். “இனி ரண்டு கையாலயும் வேலையைப் பார்.” மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

வேலையற்றுப்போன இடக்கை, சற்று நேரத்தில், றேடியோவின் இரும்புத் தட்டில் போய் ஊன்றிக்கொண்டது. வலக்கை உள்ளே ஒரு கம்பியில் பட்டது. மாமா விறைத்தார். வாய் திறந்திருந்தும் சத்தம் வரவில்லை. பிறகு அமர்ந்திருந்த கதிரையோடு பின்னால் விழுந்தார்.

ஐயா ஓடிவந்து அவர் நெஞ்சில் காதை வைத்தார். நாங்கள் ஐயாவின் முகத்தையே பார்த்து நின்றோம்.

“அத்தான், தலையை எடுங்கோ, கூசுது,” என்றார் மாமா.

அதன்பிறகு குசினியில் தேத்தண்ணியோடு நடந்த பேச்சை, நான் வளர்ந்த பின்னரே அம்மா சொன்னார்.

“றேடியோ திருத்துற கடையில வேலை பழகேக்கை, ஒரு கையைக் களிசான் பொக்கற்றுக்கை வைக்கச் சொன்னவை அக்கா. ரண்டு கையும் பட்டா கறண்ட் நெஞ்சுக்குள்ளால போகும். சாரத்துக்குப் பொக்கற் ஏது?”

“முதலே சொல்லியிருக்கலாம் தானேடா.”

“சொன்னா றேடியோவைத் தூக்கிக் கிணத்துக்கை போட்டிருப்பியள்.”

அடுத்த கிழமை றேடியோ பாடியது. மாமா அதன் பின்பலகையைக் கழற்றும் போதெல்லாம், “மச்சான், சாரத்தைப் பிடியும்,” என்றார் ஐயா. பழைய கேலிதான் தொடர்கிறது என்று எண்ணி நான் சிரிப்பேன். வேறு யாரும் சிரிக்காதது எனக்கு விளங்கவில்லை.

ஒரு விடயம் இன்னும் உறுதியாகவில்லை. அம்மா பிளக்கைப் பிடுங்கியதால்தான் தப்பினேன் என்கிறார் மாமா. “நான் அசையக்கூட இல்லை. கறண்ட் தானாத்தான் நிண்டது,” என்கிறார் அம்மா. மின்வெட்டு அன்றாடம் இருந்த காலம், இரண்டில் எதுவும் நடந்திருக்கலாம். அங்கே நின்றவள் நானும்தான். ஆனால் அவர் விறைத்த அந்த நேரம் நான் பார்த்துக்கொண்டிருந்தது மாமாவை மட்டும்.