காலி வந்த பங்குனி

என் கோபத்தைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அரக்கோணம் பக்கத்திலிருந்து சத்தியவேட்டை ஒட்டிய இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த முதல் வருஷமே அது தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அப்போது எங்கும் ஒரே பேச்சு. எல்லை பிரிக்கிறார்கள், நம் ஊர் ஆந்திராவுக்குப் போகிறது, தமிழ்க்காரர்கள் வீட்டைக் காலி பண்ண வேண்டியிருக்கும் என்று.

நானோ தையிலேயே கொல்லையைக் கொத்திப் புடலை விதை ஊன்றினேன்.

"எதுக்கு இந்த வீண் வேல? காய்ச்சா யாரு துன்னப் போறா?" என்றார் வீட்டுக்காரர்.

"நான் துன்னுவேன். இங்கியே குந்திகினு துன்னுவேன்" என்றேன்.

பங்குனி என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. குடம் குடமாக இறைத்து ஊற்றினால் அன்றைக்கென்று மழை பெய்யும். மேகத்தை நம்பிச் சும்மா இருந்தால் வெயில் கொளுத்திப் பூவெல்லாம் கொட்டிவிடும். பாழாய்ப்போன வானத்தைப் பார்த்து வாய்விட்டே திட்டியிருக்கிறேன். அப்படியும் பந்தலில் ஏழு பிஞ்சு நின்றது. வளையாமல் நீள வேண்டுமென்று ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கூழாங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன்.

ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அக்கா வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கத்தினாள்.

"வதினா! பெத்த காலி வஸ்தாந்தி! காயலன்னீ கோசேய்!"

எனக்கு அப்போது தெலுங்கு அரைகுறை. வதினா என்றால் அண்ணி, பெத்த என்றால் பெரிய, வஸ்தாந்தி என்றால் வருது, காயலன்னீ என்றால் காயெல்லாம், கோசேய் என்றால் அறுத்துடு. நடுவில் இருந்த காலிக்கு யாரும் எனக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. ஊரைக் காலி பண்ணச் சொல்லி உத்தரவு வருகிறது, இருக்கிற காயை அறுத்துக்கொள் என்கிறாள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னா காலி? எவன் வந்து சொல்றான் பாக்கறேன்! பிஞ்ச அறுக்க மாட்டேன், நானும் போவ மாட்டேன்!" என்று பந்தல் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் காற்று வந்துவிட்டது. கண்ணில் மண், வாயில் மண். பந்தலின் மூன்று கால்கள் பிடுங்கிக்கொண்டு போயின. அவள் வேலியைத் தாண்டி ஓடிவந்து என்னோடு நாலாவது காலைப் பிடித்தாள். பிடித்தபடியே என் முகத்துக்கு நேராக "ஃபூ" என்று ஊதிக் காட்டி, "இதி காலி! காலி!" என்று கத்தினாள்.

தெலுங்கில் காற்றுக்கு அதுதான் பெயராம். வெட்கம் பிடுங்கித் தின்றது. சிரிப்பும் வந்தது. ஆனாலும் பந்தல் காலை இரண்டு பேரும் விடவில்லை. காற்று ஓய்ந்தபோது ஆறு பிஞ்சு மண்ணில் கிடந்தது. எங்கள் மூலையில் ஒன்றே ஒன்று, கல்லோடு ஆடிக்கொண்டிருந்தது. அதை விதைக்கு விட்டேன்.

பிறகு உண்மையாகவே எல்லை வந்தது. ஊர் ஆந்திராவோடு சேர்ந்ததென்று தெருவில் தண்டோரா போட்டுக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரர் வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

"இப்ப இன்னா பண்லாம்?"

"இந்தாய்யா, போன வாட்டி வெச்ச கொம்பு ஒல்லி. பந்தலுக்கு இந்த வாட்டி நாலு பெருத்த கொம்பா வெட்டிகினு வா" என்றேன்.