கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை

பசுமைக் கட்டிடச் சான்றிதழ் வாங்கித் தரும் வேலை என்றால் மரம் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து பார்க்கும் வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அது உச்சி வெயிலில் ரோட்டோரமாக நடக்கிற வேலை. கட்டிடத்துக்குள் இருக்கும் விளக்கு, ஏசி, தண்ணீரைக் கவனிக்க வேறு ஆட்கள் உண்டு. என் பங்கு முழுக்க வெளியே. மனை சரியான இடத்தில் இருக்கிறதா, ஏரியையும் சதுப்பு நிலத்தையும் மிதிக்காமல் இருக்கிறதா, கார் இல்லாதவர் வந்து போக முடியுமா? இவற்றைப் பார்த்து எழுதித் தர வேண்டும். தாம்பரத்தில் இறங்கி எந்தப் பக்கம் பஸ் நிற்கும் என்று அலைந்தவர்களே, ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்க முடியாமல் எதிர்ப்பக்கம் இருக்கும் ஆபீஸைப் பார்த்துக்கொண்டே நின்றவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

ஒற்றைச் சக்கரம்

வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நடந்துதான் அளக்க வேண்டும். மேப்பில் கோடு போட்டுக் காட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதற்காக என்னிடம் கைப்பிடி வைத்த ஒற்றைச் சக்கரம் ஒன்று இருக்கிறது. உருட்டிக்கொண்டே போனால் அதில் மீட்டர் ஏறும். முதல்முறையாக அதை முடிச்சூர் ரோட்டில் உருட்டினேன். எங்கள் ஆபீஸில் வரைபடம் போடும் ஸ்டீபன் சார், என்னை யாரும் இடித்துவிடக் கூடாதே என்று பளபளக்கும் மஞ்சள் கோட்டு ஒன்றையும் மாட்டி அனுப்பியிருந்தார்.

தலை நிமிராமல் சக்கரத்தில் ஏறும் மீட்டரையே பார்த்துக்கொண்டு போய்விட்டேன். திரும்பி வரும்போது பார்த்தால், போகும்போது இருந்த தெருவைக் காணோம்! முன்னால் நீட்டியிருந்த தார்ப்பாய்கள் சுருட்டப்பட்டிருந்தன. பெஞ்சு, போர்டு, ஜூஸ் கடை ஃப்ரிட்ஜ் எல்லாம் உள்ளே போயிருந்தன. டீக்கடை அக்கா மட்டும் நகர்த்த முடியாத அடுப்புக்கு முன்னால் காவலுக்கு நிற்பது போல நின்றார்.

"இன்னா மேடம், ரோட்டுக்கு எவ்ளோ எடுக்கப் போறீங்க?"

"ஒண்ணும் எடுக்கலக்கா. இங்கேருந்து பஸ் ஸ்டாப் எவ்ளோ தூரம்னு பாக்குறேன், அவ்வளவுதான்."

அக்கா என்னையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அத்த என்னாண்ட கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா? அஞ்சு நிமிசம். இதுக்கா ஒரு தெருவையே உள்ள தள்ள வெச்ச?"

காய்ந்த நிலம்

மேரி டீச்சர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. பள்ளிக்கரணைப் பக்கம் வாங்கிப் போட்ட மனையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி கட்ட வேண்டும், அதுவும் பசுமைப் பள்ளியாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. எந்த வகுப்பு எந்தப் பக்கம், ஊஞ்சல் எங்கே, சுவருக்கு என்ன நிறம் என்று நோட்டில் வரைந்தே வைத்திருந்தார். நான் போனது மே மாதம். நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. குனிந்து பார்த்தேன். வெடிப்புகளில் எல்லாம் நத்தை ஓடு. பக்கத்து மனையின் மதில் சுவரில், என் இடுப்பு உயரத்தில் சேற்றுக் கறை ஒரு கோடாக ஓடியது.

"வேண்டாம் டீச்சர். சான்றிதழை விடுங்க. குழந்தைங்க வந்து உட்காரப் போற இடம்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "எல்லாப் பேப்பரும் கிளியரா இருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். காரில் திரும்பும்போது அந்த நோட்டை மடியில் மூடியே வைத்திருந்தார். அதற்குப் பிறகு போனும் இல்லை. ஒரு ஆசிரியையைக் கண்கலங்க வைத்த பாவம் என்று ஸ்டீபன் சாரிடம் சொல்லிப் புலம்பினேன்.

நவம்பரில் அவரே கூப்பிட்டார். "ஒரு நடை வர்றியா?" போனேன். ரோட்டிலேயே நிற்க வேண்டியிருந்தது. மனை முழுக்கத் தண்ணீர். ஊஞ்சல் வருவதாக இருந்த இடத்தில் கறுப்பாகப் பத்துப் பதினைந்து நீர்க்கோழிகள் நீந்திக்கொண்டிருந்தன. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பள்ளி இப்போது வண்டலூர் பக்கம் ஒரு மேட்டு நிலத்தில் நடக்கிறது. ஆனால் அன்று பக்கத்து மனை வாட்ச்மேன் ஏழுமலை சொன்னதை டீச்சர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்: "பட்டா உங்க பேர்ல கீது டீச்சர். ஆனா குடியிருக்கிறது அதுங்கதான்."

கதவு எங்கே?

கட்டிடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் என்னென்ன வசதி இருக்கிறது என்று ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். பாங்க், மருந்துக்கடை, சர்ச், கோயில், சலூன், இப்படி. சேலையூரில் ஒரு கட்டிடத்துக்கு அலைந்தபோது ஓட்டல் மட்டும் கிடைக்கவில்லை. ஆனால் கேட்டுக்கு எதிரிலேயே விஜயா அக்காவின் தள்ளுவண்டி இருந்தது. கொத்தனாரிலிருந்து இன்ஜினியர் வரை அத்தனை பேருக்கும் அவர் இட்லிதான். நானும் தட்டை ஏந்தி நின்றபடியே, "நிரந்தரக் கடையா, கதவோட இருந்தாத்தான்கா கணக்கு. உங்களைச் சேர்க்க முடியல" என்று வருத்தமாகச் சொன்னேன். அக்கா நிமிராமல் என் தட்டில் மூன்றாவது இட்லியை வைத்தார்.

"சாப்புட வர்றவங்க யாரும் கதவு எங்கன்னு கேட்டதில்லையே மேடம்."

சைக்கிள் ஸ்டாண்டு

காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனி. சைக்கிளில் வருபவர்களுக்காகக் கூரை போட்ட ஸ்டாண்டு, வியர்வையோடு வந்தால் குளிக்கப் பக்கத்திலேயே அறை, எல்லாம் நான் சொன்னபடி கட்டியிருந்தார்கள். சான்றிதழ் வந்த அடுத்த வருஷம் ஒருநாள் அந்த வழியாகப் போனவள் ஆசையாக எட்டிப் பார்த்தேன். ஸ்டாண்டு காலி. தரை துடைத்து மின்னியது. கேட்டுக்கு வெளியே போர்டு கம்பத்தில் ஒரு லேடீஸ் சைக்கிள் சங்கிலி போட்டுக் கிடந்தது. மழைக்கு சீட்டில் பாலிதீன் கவர் கட்டியிருந்தார்கள். அந்த ஆபீஸைப் பெருக்கித் துடைக்கும் செல்வியுடையது. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் மிதித்து வருகிறாராம். கட்டிடத்தில் சைக்கிளில் வரும் ஒரே ஆள் அவர்தான். அந்த ஸ்டாண்டைத் துடைப்பதும் அவர்தான்.

எனக்கு வந்த கோபத்தில் நேராக மேனேஜரிடம் போனேன். அவருக்கு விஷயமே தெரியாது. நல்ல மனுஷன், கேட்டதும் கீழே இறங்கி வந்து, தானே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் ஸ்டாண்டின் நடுவில் நிறுத்தினார். செல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். செக்யூரிட்டி அண்ணனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "மேடம், அது கிரீன் பில்டிங்குக்காக வெச்ச ஸ்டாண்டு. இந்தப் பொண்ணு நிஜமாவே சைக்கிள்ல வருது மேடம்."

கண் தெரிந்த பிறகு

பெருங்களத்தூரில் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரி. பஸ் நிறுத்தத்திலிருந்து தூரம் கச்சிதம். படிவத்தில் இந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண் என்று, ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். மறுநாள் கேட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் மகளோடு வெளியே வந்தார். தேவராஜ் என்று பெயர். முந்தின நாள்தான் கண்புரை ஆபரேஷன், அன்று காலையில் கட்டுப் பிரித்திருந்தார்கள். இரண்டடி வைத்தவர் சட்டென்று நின்று கேட்டைப் பிடித்துக்கொண்டார். எதிரே மழைநீர்க் கால்வாய். மேலே மூடியிருந்த சிமெண்ட் பலகைகளில் மூன்றுக்கு ஒன்று இல்லை. நானே முந்தின நாள் சக்கரத்தைத் தூக்கித் தூக்கி வைத்துத்தான் அதைத் தாண்டியிருந்தேன்.

"வாப்பா, நேத்து இதே வழியாத்தானே வந்தோம்" என்றாள் மகள்.

"நேத்து எனக்குத் தெரியலம்மா, தைரியமா வந்துட்டேன். இப்ப தெரியுதே, எப்படிப் போறது?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. என் படிவத்தில் எவ்வளவு தூரம் என்றுதான் கேள்வி. அந்தத் தூரத்தை யாரால் நடக்க முடியும் என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அப்படியே உள்ளே போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் மனு எழுதினார், நான் ஒவ்வொரு ஓட்டையையும் போட்டோ எடுத்து இணைத்தேன். பிறகு இரண்டு பேரும் மாற்றி மாற்றி வார்டு ஆபீஸுக்கு நடந்தோம். அங்கிருந்த இளம் இன்ஜினியர் ஒருவர், எங்கள் தொல்லை தாங்காமலோ மனசு இரங்கியோ, ஒருநாள் ஆட்களோடு வந்து எல்லாப் பலகையையும் போட்டுக் கொடுத்தார்.

சில மாதம் கழித்து தேவராஜ் ஐயாவை அதே கேட்டில் பார்த்தேன். இந்த முறை தனியாக வந்திருந்தார். புதுப் பலகையைக் காலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னொரு கண்ணுக்கு ஆபரேஷனே வேணாம்னு இருந்தேம்மா. ரோடு போட்டுட்டாங்கன்னு சொன்னாங்க, அதான் வந்தேன்."

ஆகவே, சக பாதசாரிகளே, யாராவது தங்கள் ஆபீஸுக்குப் பசுமைச் சான்றிதழ் கிடைத்திருக்கிறது என்று பெருமையாகச் சொன்னால், மனமார வாழ்த்திவிட்டு, நீங்கள் எதில் வந்தீர்கள் என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.