தவக்காலத்தில் ஒரு ஜாடி பன்றிக்கறி ஜாம்

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் கறிச்சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். பிறகு ஈஸ்டர் வரைக்கும் கறி கிடையாது. கல்யாணமாகி நல்லம்பள்ளிப் பக்கம் நான் வந்த முதல் வருஷம் இந்தச் சட்டம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அன்றைக்கு எத்தனை மணிக்குச் சட்டி கவிழும் என்பதுதான் தெரியாது.

நான் தங்கிப் படித்த விடுதியில் ஒரு வெள்ளைக்கார சிஸ்டர் இருந்தார். உப்பும் புகையும் ஏற்றிய பன்றிக்கறியை வெல்லம் போட்டு ஜாம் மாதிரிக் கிண்டி, ரொட்டியில் தடவித் தின்பார். எனக்கும் ஒரு முறை கொடுத்தார். இனிப்பா காரமா என்று நாக்கு முடிவெடுப்பதற்குள் தொண்டையில் இறங்கிவிட்டது. புகுந்த வீட்டில் நான் எதைச் சமைத்தாலும் அத்தை, அதாவது என் மாமியார், "இருக்குது" என்பார். நல்லாயிருக்கிறது என்று சொல்லவே மாட்டார். அந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து பிடுங்கியே தீருவது என்ற வீம்பில்தான் ஜாமில் இறங்கினேன்.

தவக்காலம் வருகிறதென்று ஊரில் பன்றி அடித்துக் கூறு போட்டார்கள். கொழுப்பும் கறியுமாக ஒரு கூறு வாங்கி, உப்புத் தடவி, விறகடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டேன். சமையற்கட்டுக்கு வந்தவர்கள் தலையிலெல்லாம் அது இடித்தது. செவ்வாய்க்கிழமை அதை எடுத்துப் பொடியாக நறுக்கி, அதன் கொழுப்பிலேயே சின்ன வெங்காயம் வதக்கி, வெல்லம், புளி, மிளகாய்த்தூள் சேர்த்து, சிஸ்டர் செய்தபடியே காபி டிகாஷனும் ஊற்றினேன்.

அத்தை எட்டிப் பார்த்தார். "ஏம்மா, கறியில எவளாச்சும் காப்பித்தண்ணி ஊத்துவாளா? இது கொழம்பா, கசாயமா?"

"ஜாமுங்க அத்தை. ரொட்டியில தடவித் திங்கறது."

"நம்மூட்ல ரொட்டி தின்னா காச்சல்னு அர்த்தம்."

ஜாம் கெட்டிப்படுகிற பாடாக இல்லை. கை கடுக்கக் கிண்டி ஜாடியில் அடைத்துத் திரும்பினால், எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அத்தை சட்டிகளைத் தேய்த்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"சட்டி கவுத்தாச்சு. இனி ஈஸ்டருக்குத்தான்" என்று சொல்லி, ஜாடியை வாங்கித் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமனாருக்குத்தான் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரை மறித்தார். "சாமி, கறிய வெல்லம் போட்டுக் கிண்டிட்டா அது ஜாம் கணக்குல வராதுங்களா?"

"பன்னி செத்துச்சா?"

"செத்துச்சுங்க சாமி."

"அப்ப கறிதான்."

ஈஸ்டர் காலையில் என் வீட்டுக்காரர் தர்மபுரியில் வாங்கி வைத்திருந்த ரொட்டியைப் பிரித்தார். நான் ஜாடியின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை. வழித்து, விரல்விட்டுத் துடைத்த மாதிரி பளபளவென்று இருந்தது. மாமனார் என் வீட்டுக்காரரைப் பார்த்தார், அவர் மாமனாரைப் பார்த்தார்.

"என்ன ஆளாளுக்கு முழிக்கறீங்க? நான்தான் தின்னேன்" என்றார் அத்தை. "கெட்டுப்போச்சான்னு பாக்கலாம்னு ஒருநாள் தெறந்தேன். களிக்குத் தொட்டுக்க வாட்டமா இருந்துச்சு."

"தவக்காலத்திலயா?" என்று மாமனார் அலறினார்.

"பாவசங்கீர்த்தனத்துல சொல்லியாச்சு. சாமியாரும் மன்னிச்சாச்சு. ஆண்டவரே விட்டுட்டாரு, நீங்க என்ன கேள்வி கேக்கறது?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஒருசந்தி விரதம்கூட விடாத மனுஷி, என் ஜாமுக்காக நரகத்துக்கே துணிந்திருக்கிறார். இருந்தாலும் விடுவேனா?

"எப்படிங்க அத்தை இருந்துச்சு?" என்றேன்.

அத்தை ஜாடியைக் கவிழ்த்து வைத்தார். "இருந்துச்சு" என்றார்.