நரகத்துக்குள் ஒரு குரல்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாப் பொட்டலம் கையில் பிசுபிசுக்க, ராஜபாளையத்தில் மூடிக்கிடக்கும் ஒரு பஞ்சுமில் கிடங்குக்குள் நிற்கிறேன். ஏதோ ஜெபக்குழு இதை நரகக் கண்காட்சியாக்கி வைத்திருக்கிறது. சிவப்பு பல்புகளுக்குக் கீழே பேண்டேஜ் துணி சுற்றிய பிணப் பொம்மைகள் கிடக்கின்றன. ஒலிபெருக்கியில் ஒரு பெண் அலறுகிறாள். நான் ஒரு காதைப் பொத்திக்கொள்கிறேன். பக்கத்தில் நிற்பவரோ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

“எம் பொஞ்சாதி சத்தம் அண்ணாச்சி. போன வருசம் இதப் பாக்க வந்து பயந்து கத்துனா. அதைப் பதிவு பண்ணிட்டாக. தை மாசம் காய்ச்சல்ல செத்துட்டா. அதான் தெனமும் வாரேன்.”

வெளிவாசலில் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கேட்கிறார்கள்.

“நீங்க பேரு கொடுத்துட்டீங்களா?” என்கிறேன்.

அலறல் மறுபடி எழுகிறது. அது அடங்கும்வரை அவர் மறுபடி கண்ணை மூடிக் கேட்கிறார்.

“கொடுத்தா சொர்க்கத்துக்குப் போயிரலாமாம். அவ இங்கல்லவா கெடக்கா?”